பொரிச்சோளமும் குடியானவர் இல்லமும்

விளைந்த தானியத்தைச் சந்தையில் விற்றுவிட்டு, பொரியை மாத்திரம் கடையில் விலைகொடுத்து வாங்கும் வழக்கம் குடியானவர் இல்லங்களிலும் பரவி வருகிறது. இது நமக்கு அழகன்று என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். கார்த்திகைத் தீபத்தன்று நெற்பொரியை வெல்லப்பாகிலிட்டு உருட்டிப் படைக்கும் நம்மவர்க்குப் பொரித்தல் புதிய வித்தையன்று. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததாயினும், நம் நாட்டுச் சோளத்தைப் பொரிப்பதும் பழைய வழக்கமே.

ஆயினும் எல்லா மக்காச்சோளமும் நன்கு பொரியாது. கோழித்தீவனத்திற்கென நாம் பயிரிடும் ரகங்கள் இதற்கு ஏற்றவையல்ல. பொரிக்குரிய ரகத்தின் மணி சிறியது, கடினமானது, அதன் தோல் உள்ளழுத்தத்தைத் தாங்க வல்லது. மணியினுள் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு ஈரம் இருத்தல் வேண்டும். சுமார் 180 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் அவ்வீரத்தின் ஆவி தோலைப் பிளக்க, இளகிய மாவு நுரைபோல் விரிந்து உடனே இறுகுகிறது. ஈரம் குறைந்தால் ஆவி போதாது. மிகுந்தால் பொரி சிறுத்துக் கெட்டியாகும்.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் நான் ஒருமுறை தவறினேன். வண்டு அணுகாதிருக்க வேண்டுமென்று கதிர்களைப் பல நாள் கடும் வெயிலில் காயவைத்தேன். குழந்தைகள் ஆவலுடன் பார்த்திருக்க, சட்டியிலிட்டவற்றில் பாதிக்குமேல் பொரியாமல் கருகின. என் தாயார், "ஈரமே இல்லாத மணி எப்படியப்பா வெடிக்கும்?" என்று கேட்டு, மீதியிருந்த அரைக் கிலோ மணியில் ஒரு மேசைக்கரண்டி நீர் தெளித்து, மூடியுள்ள பாட்டிலில் இட்டு அவ்வப்போது குலுக்கி வைத்தார். மூன்றாம் நாள் அதே மணிகள் மல்லிகைபோல் மலர்ந்தன. டிப்ளமா பெற்ற நான் தலைகுனிந்தேன்.

செய்முறை எளிது. கனமான பாத்திரத்தில் சிறிது எண்ணெய் காய்ச்சி, இரண்டு மூன்று மணிகளை இட்டுப் பார்க்கவும். அவை வெடித்தபின், அடி மறையுமளவுக்கே மணிகளைப் பரப்பி மூடவும். ஆவி வெளியேற மூடியில் சிறு இடைவெளி வேண்டும். இல்லையேல் பொரி நமத்துவிடும். வெடியோசை தளர்ந்ததும் இறக்கவும். சூடான பாத்திரத்தைப் பெரியவர்களே கையாளுதல் நலம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொரிச்சோளம் தரலாகாது, தொண்டையில் சிக்கக்கூடும்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்வது என் கடமை. விதைப்புக்கென மருந்து தடவிச் சாயமேற்றிய விதையில் மிஞ்சியதை ஒருபோதும் பொரிக்கலாகாது; கழுவினாலும் அது உணவுக்கு ஆகாது. அதைச் சமையலறையில் வைப்பதே தவறு. சாயத்தின் அழகு குழந்தைகளை இழுக்கும்; மருந்தோ விஷம்.

ஆகையால், ஒவ்வொரு குடியானவரும் வயலோரத்தில் சில பாத்திகளேனும் பொரிச்சோளத்திற்கு ஒதுக்க வேண்டுகிறேன். இதனால் மிஞ்சும் காசு சொற்பமே. ஆனால், அடுப்பருகே அமர்ந்து மணி வெடிப்பதைக் காணும் குழந்தை, "ஏன் வெடிக்கிறது?" என்று கேட்கும். அதற்குத் தகப்பனார் தம் வயலைக் காட்டி விடைகூறும் இல்லத்தில் விவசாயக் கல்வி அப்பொழுதே தொடங்கிவிடுகிறது. கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்கும் குழந்தை அக்கேள்வியைக் கேட்பதில்லை.