கண் மங்குவது தலைவிதியா?

"வயசாயிடுச்சு, கண்ணு மங்கத்தானே செய்யும்!" கடலூர் முதுநகரிலே வலை பின்னும் பெரியவரைக் கேட்டாலும், சிதம்பரம் வட்டாரத்திலே நாற்று நடும் தாயைக் கேட்டாலும் இந்த விடைதான் வரும். நாம் கேட்கிறோம்: நரை விழுவது இயற்கை, பார்வை பறிபோவதுமா இயற்கை?

கண்புரைக்கும் ஒருநாள் இதே விதியைத்தான் காட்டினார்கள். 1976இல் பார்வையிழப்புத் தடுப்புக்கென நாடு தழுவிய திட்டம் பிறந்தது. அதே ஆண்டு மதுரையிலே டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம்கள் நடந்தன. இலட்சக்கணக்கானோர் மீண்டும் உலகைக் கண்டனர். விதி எங்கே போயிற்று?

ஆனால் புரையை எடுத்தெறிவது போல எடுத்தெறிய முடியாத நோய் ஒன்று உண்டு. விழித்திரையின் நடுவே மாக்குலா என்ற சின்னஞ்சிறு பகுதி இருக்கிறது. எழுத்தைப் படிப்பதும், எதிரே வருபவரின் முகத்தை அறிவதும் அதனால்தான். 50 வயதுக்கு மேல் அது சிதையத் தொடங்கினால், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. வலியும் இராது. ஒரு கண் கெட்டதை மறு கண் மறைத்துவிடும். ஆகவே வருமுன் காப்பதே அறிவுடைமை.

முதல் வேலை, பீடியையும் சிகரெட்டையும் விட்டொழிப்பது. வயதை நிறுத்த நம்மால் ஆகாது. புகையை நிறுத்த ஆகும். புகைப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். வியர்வை சிந்திப் பெற்ற கூலியைக் கொடுத்து இருட்டை விலைக்கு வாங்குவதா, தோழர்களே?

முருங்கைக்கீரையும் மீனும் உணவிலே இருக்கட்டும். இரத்தக் கொதிப்பை அடக்கி வையுங்கள். சத்து மாத்திரை விளம்பரங்களைக் கண்டு மயங்க வேண்டாம். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, நோய் ஓரளவு வளர்ந்தவர்களுக்கு அது முற்றும் வாய்ப்பைக் குறிப்பிட்ட மாத்திரைகள் நாலில் ஒரு பங்கு குறைத்தன. நோயே இல்லாதவருக்கு வராமல் தடுத்ததாக அது கூறவில்லை.

ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சன்னல் கம்பியைப் பாருங்கள். நேர்க்கம்பி வளைந்து தெரிகிறதா? நடுவிலே கறை தெரிகிறதா? நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தக் குழாய் கசியும் வகைக்கு ஊசி மருந்து உண்டு. காலத்தில் போட்டால் எஞ்சிய பார்வை நிற்கும்.

கடலூரிலே அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி 2021இல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்துவிட்டது. முகாமுக்கு வரும் முதியவருக்குப் புரையைப் பார்த்ததோடு அனுப்பிவிடாமல், சொட்டு மருந்திட்டு விழித்திரையையும் பார்த்தனுப்ப வேண்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை. கேட்க வைப்பதும், கிளைதோறும் முதியோரை அழைத்துச் செல்வதும் நம் தோழர்களின் கடமை. உழைப்பாளியின் கண் அவன் மூலதனம். அதை விதியிடம் அடகு வைக்க விடமாட்டோம்!