ஆயாவுக்கு 7... பைத்தானுக்கு 13!

செமஸ்டர் லீவு எப்படிப் போகுது? நான் இப்போ எங்க ஊர் நைனார்பாளையத்துல இருக்கேன். 'அது எந்த ஏரியா பாஸ்?'னு கேக்குறவங்களுக்கு... கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் பக்கம். மாவட்டமே 2019-லதான் பொறந்துச்சு. அதுக்கு முன்னாடி விழுப்புரம்னு அட்ரஸ் எழுதிட்டிருந்தோம்!

லீவுன்னு பேருதான். திங்கட்கிழமை காலேஜ் திறந்த உடனே மினி புராஜெக்ட் ரிவ்யூ. என் புராஜெக்ட் ஒரு குட்டி கேம். திரையில ஒரு தமிழ்ச் சொல் வரும், அதுல எத்தனை எழுத்துன்னு குழந்தைங்க சொல்லணும். சரியா தப்பான்னு கம்ப்யூட்டர் சொல்லும். இதுல ஆட்டோமேட்டட் டெஸ்ட்டும் இருந்தே ஆகணும்னு கைடு கண்டிப்பா சொல்லிட்டார். அதாவது நான் எழுதின புரோகிராமை இன்னொரு புரோகிராம் ஓடவிட்டு, அது என்ன சொல்லுதுன்னு பிடிச்சு, சரிபார்க்கணும். கையில இருக்குறது அக்காவுக்கு ப்ளஸ் டூ-வில அரசு கொடுத்த லேப்டாப். நெட்டுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட். அதுக்கும் மொட்டை மாடி ஏறணும்!

முதல் சொல்லா நம்ம ஊர் பேரையே கொடுத்தேன். நீளம் எவ்வளவுன்னு பைத்தானோட 'லென்'கிட்ட கேட்டா, 13-ன்னுச்சு. திண்ணையில மக்காச்சோளம் உதிர்த்துட்டிருந்த ஆயாகிட்ட கேட்டேன். மூணாங்கிளாஸ் படிச்ச ஆயா, விரல் விட்டு எண்ணுச்சு. "நை, னா, ர், பா, ளை, ய, ம்... ஏழுடா. இதைக் கண்டுபிடிக்கவா பெட்டியைத் தூக்கிட்டு மாடிக்கும் கீழயும் அலையுற?"

ஆயாதான் கரெக்ட். பைத்தானும் பொய் சொல்லல. யூனிகோடுல 'நை'ங்கிறது ஒரு எழுத்து இல்ல; 'ந'வும் ஐகாரக் குறியும் சேர்ந்த ரெண்டு குறியீடு. 'ர்'னா 'ர' ஒண்ணு, புள்ளி ஒண்ணு. அப்படி எண்ணினா 13. ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8 முறையில மூணு பைட், ஆக மொத்தம் 39 பைட். 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட சேர்த்து டேஸ்-16னு இன்னொரு முறையையும் தரமா அறிவிச்சுது. அதுல உயிர்மெய் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. ஆனா நம்ம போன், லேப்டாப், நெட் எல்லாத்துலயும் ஓடுறது யூனிகோடுதான்.

சரி, ஆயா மாதிரி எண்ண கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக் கொடுக்குறது? அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. 'ஓபன்-தமிழ்'னு ஒரு இலவச பைத்தான் தொகுப்பு. 'எழில்'ங்கிற தமிழ் நிரல் மொழியை உருவாக்கின முத்து அண்ணாமலையும் மத்த தன்னார்வலர்களும் சேர்ந்து செய்தது. (எழில்ல 'பிரின்ட்'டுக்குப் பதிலா 'பதிப்பி'ன்னு எழுதணும். அதைப் பத்தின ஆய்வுக் கட்டுரை 2009-லயே வந்தாச்சு!) ஓபன்-தமிழ்ல 'கெட் லெட்டர்ஸ்'னு ஒரு ஃபங்ஷன். சொல்லைக் கொடுத்தா எழுத்து எழுத்தா பிரிச்சுக் கையில கொடுக்கும்.

சூப்பர்னு இன்ஸ்டால் பண்ணப் போனேன். அங்க ஆரம்பிச்சுது ஏழரை!

முதல் முட்டு: இன்ஸ்டால் ஆயிடுச்சுன்னு 'பிப்' சொல்லுது. புரோகிராம்ல ஓபன்-தமிழ்னு இம்போர்ட் பண்ணா, 'அப்படி ஒரு மாட்யூலே இல்லை'ங்குது. ஹாஸ்டல் ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன். "டேய், கடையில கேக்குற பேரு வேற, வீட்டுல கூப்பிடுற பேரு வேறடா"ன்னான். இன்ஸ்டால் பண்றப்போ ஓபன்-தமிழ். இம்போர்ட் பண்றப்போ வெறும் 'தமிழ்'! இது இங்க மட்டும் இல்லீங்க. பில்லோவை இன்ஸ்டால் பண்ணிட்டு 'பில்'னு கூப்பிடணும். ஓபன்சிவி-பைத்தானை 'சிவி2'ன்னு கூப்பிடணும். சைகிட்-லேர்னுக்கு 'எஸ்கேலேர்ன்'.

ரெண்டாவது முட்டு: பேரை மாத்தியும் அதே எரர். லேப்டாப்ல ரெண்டு பைத்தான் இருக்கு! ஒண்ணு அக்கா காலத்துப் பழசு, இன்னொண்ணு நான் போட்டது. 'பிப்' ஒரு வீட்டுல சாமானை இறக்கியிருக்கு, புரோகிராம் இன்னொரு வீட்டுல தேடிட்டிருக்கு. மருந்து சிம்பிள். வெறும் 'பிப் இன்ஸ்டால்'னு அடிக்காம 'பைத்தான், மைனஸ் எம், பிப், இன்ஸ்டால்'னு அடிக்கணும். எந்தப் பைத்தானைக் கூப்பிடுறோமோ அது வீட்டுலயே போய் இறங்கும். எந்தப் பைத்தான் ஓடுதுன்னு சந்தேகம் வந்தா, 'சிஸ்' மாட்யூல்ல இருக்குற 'எக்ஸிகியூட்டபிள்'ஐ பிரின்ட் பண்ணிப் பாருங்க. முகவரி தெரிஞ்சுடும்.

இதை விட நல்ல பழக்கம், ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் 'வென்வ்'ல தனி வீடு கட்டிக்கிறது. காலேஜ் லேப்ல புது உபுண்டு இருந்தா இது கட்டாயமே! 2023-ல இருந்து உபுண்டுவும் டெபியனும் சிஸ்டத்தோட பைத்தான்ல நேரடியா கை வைக்க பிப்பை விடுறதில்லை. 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்'னு ஒரு எரர் வந்தா பயப்படாதீங்க. மெஷின் கெட்டுப் போகல. 'தனி வீடு கட்டிக்கோ தம்பி'ன்னு அர்த்தம்.

இன்ஸ்டால் முடிஞ்சது. புரோகிராமை ஓடவிட்டேன். 'நைனார்பாளையம் 7'ன்னு திரையில ஜம்முன்னு வந்துது. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டி பந்தா எல்லாம் பண்ணியாச்சு. அப்புறம் டெஸ்ட்டை ஓடவிட்டா... ஃபெயில்! எதிர்பார்த்தது 'நைனார்பாளையம் 7'. கிடைச்சது வெறுமை. ஒரு எழுத்து கூட இல்ல!

கண்ணு முன்னாடி திரையில வந்த பதில், டெஸ்ட்டுக்கு மட்டும் எப்படிக் காணாமப் போகும்? ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கணக்கு எங்க தப்புன்னு கோடையே குடைஞ்சிட்டிருந்தேன். தப்பு கணக்குல இல்லவே இல்ல.

ஒரு புரோகிராமுக்கு ரெண்டு வாய். ஒண்ணு ஸ்டாண்டர்ட் அவுட்புட், பதில் சொல்ல. இன்னொண்ணு ஸ்டாண்டர்ட் எரர், அழுது புலம்ப. சாதாரணமா ரெண்டும் ஒரே திரையில கொட்டுறதால நமக்கு வித்தியாசம் தெரியாது. டெஸ்ட் என்ன பண்ணுது? புரோகிராமைத் தனியா ஓடவிட்டு ரெண்டு வாய்க்கும் ரெண்டு குடம் வைக்குது. நான் முதல் குடத்தை மட்டும் எட்டிப் பார்த்தேன், காலி. ரெண்டாவது குடத்தைத் திறந்தப்பதான் தெரிஞ்சது, புரோகிராம் உள்ளேயே கதறிட்டு செத்துப் போயிருக்குன்னு! 'யூனிகோட் என்கோட் எரர்... சார்மேப்'.

காரணம் இதுதான். விண்டோஸ்ல திரைக்கு எழுதுறப்போ பைத்தான் யூனிகோடுலயே எழுதும். 2016-ல வந்த 3.6 பதிப்புல இருந்து இப்படி. அதே அவுட்புட்டை நீங்க குழாய்ல திருப்பிவிட்டா, மெஷினோட பழைய குறியீட்டு அட்டவணைக்குப் போயிடும். என் லேப்டாப்ல அது சிபி-1252. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகப் போட்ட அட்டவணை. மொத்தமே 256 இடம்தான். அதுல தமிழுக்கு ஒரு இடம் கூட இல்ல. 'நை'யைப் பார்த்த உடனே முழி பிதுங்கி நின்னுடுச்சு. இங்கிலீஷ் மட்டும் பிரின்ட் பண்றவங்க ஆயுசுக்கும் இந்த எரரைப் பார்க்காமலே போகலாம்!

மருந்து? 'பைத்தான்யுடிஎஃப்8'ங்கிற சூழல் மாறிக்கு 1-ன்னு மதிப்பு கொடுத்துட்டு டெஸ்ட்டை ஓடவிடணும். 2018-ல வந்த 3.7-ல இருந்து இந்த வசதி இருக்கு. எழுதுற புரோகிராம், படிக்கிற டெஸ்ட் ரெண்டும் யுடிஎஃப்-8-க்கு வந்துடும். போட்டேன். பச்சை கலர்ல பாஸ்!

'பைடெஸ்ட்' யூஸ் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. டெஸ்ட் பாஸ் ஆனா, நீங்க போட்ட பிரின்ட் எதையும் அது காட்டாது. ஃபெயில் ஆனா மட்டும் கடைசியில மொத்தமாக் கொட்டும். 'பிரின்ட் போட்டேன், வரலையே'ன்னு தவிக்காம 'மைனஸ் எஸ்' சேர்த்து ஓடவிடுங்க, எல்லாம் திரைக்கு வந்துடும். பிடிச்ச அவுட்புட்டைச் சரிபார்க்கணும்னா 'கேப்சிஸ்'. உங்க டெஸ்ட் வேற ஒரு புரோகிராமைக் கூப்பிட்டு அது நேரடியா பேசுற பேச்சையும் பிடிக்கணும்னா 'கேப்எஃப்டி'.

இதெல்லாம் மினி புராஜெக்ட்டோட முடியிற விஷயம் இல்ல. மறுநாள் அதே ஹாஸ்டல் ஃப்ரெண்டுக்கு நன்றி சொல்லலாம்னு போன் பண்ணேன். குரல் டல். போன மாசம் ஒரு கம்பெனியோட ஆன்லைன் கோடிங் ரவுண்டுல அவனுக்கு பூஜ்யம். "நமக்கு கோடிங் செட் ஆகாதுடா, பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கப் போறேன்"னான். வீட்டுல முதல் பட்டதாரி அவன். கோடை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். லாஜிக் பக்கா! ஆனா முதல் வரியில, லேப்ல பழகின மாதிரியே 'நம்பரைக் கொடுங்கள்'னு ஒரு பிரின்ட். அந்த வரியும் அவுட்புட் குடத்துல விழுந்திருக்கு. மெஷின் எதிர்பார்த்தது வெறும் எண். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துட்டு எல்லா டெஸ்ட்டுக்கும் தப்பு போட்டுடுச்சு.

என்பிடெல்ல பைத்தான் கோர்ஸ் எடுத்தவங்க 'ப்ரசன்டேஷன் எரர்'ங்கிற வார்த்தையைப் பார்த்திருப்பீங்க. ஒரு ஸ்பேஸோ ஒரு வரியோ கூடக்குறைய இருந்தா அது அதை மன்னிச்சு பாஸ் போடும். எல்லா மெஷினுக்கும் அந்த நல்ல மனசு கிடையாது பாஸ்!

அந்த வரியை மட்டும் தூக்கிட்டு, கேள்வியில இருந்த மாதிரி இன்புட்டைக் கொடுத்து, வந்த அவுட்புட்டை அப்படியே போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் பதிலே இல்ல. அப்புறம் ஒரே வரி மெசேஜ்: "ஒரு மாசமா தூங்கலடா."

பேங்க் எக்ஸாம் எழுதுறது அவன் இஷ்டம், எழுதட்டும். ஆனா ஒரு தேவையில்லாத பிரின்ட்டுக்காக 'எனக்கு வராது'ன்னு முடிவு பண்ணி எழுத வேண்டாம். மெஷின் 'தப்பு'ன்னா, 'எனக்கு வந்தது நான் எதிர்பார்த்தது மாதிரி இல்ல'ன்னு மட்டும்தான் அர்த்தம். என்ன வந்தது, என்ன எதிர்பார்த்தது... ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டாவது குடத்தையும் மறக்காமத் திறந்து, எரரோட கடைசி வரியை முதல்ல படிங்க. அதுக்கப்புறம் மனசு உடையலாமா வேண்டாமான்னு யோசிக்கலாம்.

திங்கட்கிழமை ரிவ்யூவுக்கு 20 சொல் ரெடி. எல்லாத்துக்கும் சரியான விடை எண்ணிச் சொன்னது ஆயாதான். கைடு 'எக்ஸ்டர்னல் யாரு?'ன்னு கேட்டா அவங்க பேரைத்தான் சொல்லப் போறேன்!

அடுத்த வாரம் பார்ப்போம் ஃப்ரெண்ட்ஸ்... வரட்டா!