காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று

கேரளத்தில் 2024-25 கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்கு ஒரு விதி வந்தது. ஒவ்வொரு பாடத்தின் எழுத்துத் தேர்விலும் குறைந்தது 30 விழுக்காடு எடுக்க வேண்டும். எடுக்காதவர்களுக்கு ஏப்ரலில் கூடுதல் வகுப்பு, அதன்பின் மறு தேர்வு. அந்த விதி ஒன்பதாம் வகுப்புக்கும், 2026-27இல் பத்தாம் வகுப்புக்கும் ஏறுகிறது. 2024இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.69 விழுக்காடு. அப்படி ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் உண்மையிலேயே கற்றார்களா என்று ஒரு மாநிலம் கேட்பதை நாம் மனதார வரவேற்கிறோம். நம் கவலை அடுத்த படியைப் பற்றியது.

கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அந்த ஏப்ரல் வகுப்பை எடுக்கப்போகும் ஆங்கில ஆசிரியரின் கையில் என்ன இருக்கிறது? ஒரு பெயர்ப் பட்டியல், பெயருக்கு நேரே ஒரு மதிப்பெண். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிக்கவே வரவில்லையா, கடகடவென வாசித்தும் பொருள் பிடிபடவில்லையா, பொருள் பிடிபட்டும் ஆங்கிலத்தில் பதில் எழுதக் கை வரவில்லையா என்பதை அந்த எண் சொல்லாது. இந்த மூன்று பிள்ளைகளுக்கும் வேண்டிய பாடம் வேறு வேறு. மூவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பெயரும் சூட்டி, பழைய வினாத்தாளையே இன்னொரு முறை எழுதவைத்தால் மறு தேர்வில் நாலைந்து மதிப்பெண் கூடலாம். ஆங்கிலம் வந்துவிடாது.

1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்லை அடையாளம் காணும் திறன் ஒன்று. காதால் கேட்டால் அந்த மொழி புரியும் திறன் இன்னொன்று. வாசித்துப் புரிந்துகொள்வது இவ்விரண்டின் பெருக்கல். இது கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒன்று சுழியானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை சுழிதான். இந்தக் கணக்கில் அடங்காதவை உண்டு என்று பின்னால் வந்தவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியருக்கு இதைவிடக் கையடக்கமான வழிகாட்டி வேறு இல்லை என்பது நம் எண்ணம்.

ஆகவே இந்த இதழ் முன்வைக்கும் யோசனை இது. ஒரே தரத்தில் இரண்டு பத்திகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிள்ளை காதால் கேட்கட்டும், மற்றதைக் கண்ணால் வாசிக்கட்டும். ஒவ்வொன்றிலும் பத்து வினாக்கள். பிறகு இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

பத்திகள் ஒரே தரம் என்று எப்படி நம்புவது? வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் பத்தியைக் காதுக்கும் இரண்டாவதைக் கண்ணுக்கும், மறு பாதிக்கு மாற்றியும் கொடுத்தால் பத்தியின் எளிமையோ கடினமோ ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து வினாவில் ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்துக்கு ஒரு பொருளும் கிடையாது. அது அன்றைய தலைவலியாக இருக்கலாம், ஊகித்துப் போட்ட விடையாக இருக்கலாம். நாலுக்கு மேல் தூரம் இருந்தால் குறித்துவைத்துக்கொண்டு, வேறொரு நாளில் வேறு இரட்டைப் பத்திகளால் இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால்தான் அதை நம்பி ஒரு பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கலாம்.

தீவின் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இதை நடத்தியபோது உடன் இருந்தோம். ஒரு சிறுமி, வாசிப்புப் பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் நிறுத்தற்குறி பார்த்து, தடங்கல் இல்லாமல் படிக்கிறாள். ஆனால் வாசித்தலிலும் கேட்டலிலும் மூன்று மூன்றுதான். எழுத்து அவளுக்குப் பிரச்சினையே இல்லை, மொழிதான் உள்ளே இறங்கவில்லை. அவளுக்கு இன்னும் உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பது வீண். கதை கேட்க வேண்டும், படம் பார்த்துப் பேச வேண்டும், சொல் சேர வேண்டும். அவளுக்கு இரண்டு பெஞ்ச் பின்னால் ஒரு பையன். காதால் கேட்டதில் எட்டு, கண்ணால் வாசித்ததில் மூன்று. வாசிக்கச் சொன்னால் சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். எழுத்துத் தேர்வு மட்டும் வைத்தால் இருவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அவனுக்கு வேண்டியது ஆறேழு வாரம் எழுத்துக்கூட்டல் பயிற்சி. ஒன்பதாம் வகுப்பில் போய் அதைச் சொல்லிக்கொடுப்பதா என்று கூச்சப்படாமல் செய்தால் அவன் மேலே வந்துவிடுவான்.

மூன்றாவது வகை நம் பக்கத்தில் ஏராளம். வாசிப்பில் நன்றாக வரும், காதில் விழுந்தால் தெரியாது. சொற்களை எழுத்து வழியாகவே அறிந்த பிள்ளைகள் இவர்கள். தீவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுத்தில் உள்ளபடி ‘ஐஸ்லாண்ட்’ என்று மனத்தில் வைத்திருக்கும் பிள்ளை, ஒலிப்பதிவில் ‘ஐலண்ட்’ என்று வரும்போது அது வேறு ஏதோ என்று விட்டுவிடுகிறது.

இனி வினா எழுதும் வேலை. இதில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். வைப்பினுக்கு ஏற்ற ஒரு செவிப்பத்தி வேண்டுமென்றால் படகுத்துறை அறிவிப்பைப் போல ஒன்று எழுதலாம். வழக்கமாகக் கடைசிப் படகு எட்டு மணிக்கு, இன்று காற்று பலமாக இருப்பதால் ஏழரைக்கே புறப்பட்டுவிடும், அதன் பிறகு வருபவர்கள் கோஸ்ரீ பாலம் வழியாகப் பேருந்தில் போகலாம். இதற்கு ‘இன்று கடைசிப் படகு எத்தனை மணிக்கு’ என்று கேட்டு எட்டு, ஏழரை இரண்டையும் விடைகளில் வைத்தால், முதலில் காதில் விழுந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையும் வாக்கியத்தை முழுக்கப் பிடிக்கும் பிள்ளையும் பிரிந்துவிடுவார்கள். ‘ஏழே முக்காலுக்குத் துறைக்கு வருபவர் எதில் ஊர் போவார்’ என்று கேட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த நேரம் பத்தியிலேயே இல்லை. பத்தியில் ஒலித்த சொல்லே சரியான விடையில் மட்டும் திரும்ப வந்தால் அது சொல்வேட்டை. அதைக் கேட்டல் என்று சொல்ல முடியாது.

உள்ளூர்ப் பத்தியில் ஓர் ஆபத்தும் உண்டு. உயர் நீதிமன்ற ஜெட்டிக்கும் வைப்பினுக்கும் இடையே 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதைப் பத்தியில் எழுதி, அந்தப் படகு எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டால் தீவுப் பிள்ளை பத்தியைத் தொடாமலே சொல்லிவிடும். வினாத்தாள் தயாரானதும் பத்தியைக் காட்டாமல் வினாக்களை மட்டும் ஸ்டாஃப் ரூமில் இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் சரியாகச் சொல்லிவிடும் வினாக்களைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

செவிப்பத்தி பேச்சாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பாடநூல் உரைநடையை எடுத்து ஆசிரியர் உரக்க வாசிப்பது, காது வழியாக வைக்கும் வாசிப்புத் தேர்வுதான். பேச்சில் வாக்கியம் குட்டையாக இருக்கும், சொன்னதையே வேறு சொல்லில் சொல்வோம், நடுவில் நிறுத்துவோம். அது பத்தியில் இருக்கட்டும். வினாக்களை முன்கூட்டியே வாசிக்க நேரம் கொடுங்கள். பத்தியை இரண்டு முறை ஒலிக்கவிடுங்கள். ஒரே முறை கேட்டு நினைவில் வைத்து எழுதச் சொன்னால் நாம் அளப்பது ஞாபகசக்தியை. பதிமூன்று, முப்பது போன்ற, ஆங்கிலத்தில் ஒலி நெருங்கிய எண்களை வேண்டுமென்றே வைக்காதீர்கள், தாய்மொழிக்காரர்களே அதில் திரும்பக் கேட்கிறார்கள்.

விடை எந்த மொழியில்? இது நம் வாசகர்கள் பலர் நம்மோடு சண்டை போடும் இடம். கேட்டலையும் வாசித்தலையும் அளக்கும்போது விடையை டிக் அடிப்பதாகவோ பிள்ளை தன் மொழியில் எழுதுவதாகவோ வைக்க வேண்டும் என்பதே நம் உறுதியான கருத்து. இந்தப் பகுதியின் வகுப்பறைகளைப் பாருங்கள். முனம்பம் துறைமுகத்தில் படகுத் தொழிலுக்கு வந்த குமரிக் கடற்கரைக் குடும்பங்கள் உண்டு. அக்கரையில் மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன, டோபி கானாவில் துணி வெளுப்பவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பாடமாக இந்தியும் ஆங்கிலமும் என்று வாழும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் கேட்டது புரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வராமல் போவது இயல்பு. எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தால் அங்கே நாம் அளந்தது கேட்டலை அல்ல. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ‘ரோஷ்னி’ திட்டம், பிள்ளையின் வீட்டு மொழியை வகுப்புக்குள் விட்டே மலையாளம் கற்பித்தது. கற்பித்தலில் ஏற்றுக்கொண்டதை மதிப்பீட்டில் மறுக்க வேண்டியதில்லை.

கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையிலானோரிடம் நடத்திய 2023ஆம் ஆண்டின் ‘அசர்’ கணக்கெடுப்பில் 57.3 விழுக்காட்டினர் ஆங்கில வாக்கியங்களை வாசித்தார்கள். அப்படி வாசித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரே பொருள் சொன்னார்கள். மீதிக் கால் பங்கினர் நம் ஒன்பதாம் வகுப்புச் சிறுமியைப் போன்றவர்கள். சத்தமாக வாசிக்கவைத்து மதிப்பெண் போடும் பழக்கம் இவர்களைக் கடைசிவரை நம் கண்ணுக்குக் காட்டாது. இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாடு கலந்துகொண்ட, பன்னாட்டு மாணவர் மதிப்பீடான ‘பீசா’ 2009இன் தொடர்ச்சுற்றில், வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய மாணவர் சுமார் 17 விழுக்காடுதான். சிக்கல் ஆங்கிலத்தோடு மட்டும் நிற்பதில்லை என்று அது எச்சரிக்கிறது. சந்தேகம் வந்தால் அதே அளவு மலையாளப் பத்தியோ தமிழ்ப் பத்தியோ கொடுத்துப் பாருங்கள். அதிலும் பிள்ளை தடுமாறினால் பொறுப்பு ஆங்கில ஆசிரியர் ஒருவருடையது மட்டும் அல்ல.

பொதுத் தேர்வு இதற்கெல்லாம் இடம் கொடுக்கிறதா? எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் எழுத்துக்கு 80, தொடர் மதிப்பீட்டுக்கு 20. கேட்டலுக்கு இடமிருந்தால் அந்த இருபதுக்குள்தான், அந்த இருபதையோ பெரும்பாலான பள்ளிகளில் முழுசாகவே போட்டுவிடுகிறோம். எண்பதிலும் வாசிப்பு வினாக்களில் பல படித்த பாடத்திலிருந்தே வருகின்றன. பத்தாம் வகுப்புப் பாடநூலில் பல ஆண்டுகள் இருந்த பஷீரின் ‘பாம்பும் கண்ணாடியும்’ கதையில் ஒரு துண்டைக் கொடுத்துக் கேட்டால், கைடு படித்த பிள்ளை துண்டைப் பார்க்காமலே விடை எழுதும். தமிழ்நாட்டிலும் பாடநூலின் பின்பக்கம் கேட்டல் பத்திகள் இருக்கின்றன, பொதுத் தேர்வில் கேட்டல் இல்லை. பிறகு எந்தப் பள்ளி அந்தப் பக்கத்தைப் புரட்டும்? சி.பி.எஸ்.இ. 2012-13இல் பேசுதல், கேட்டலுக்கென்றே முறையான தேர்வு கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அந்த வடிவம் நின்று, இன்று அது உள்மதிப்பீட்டுக்குள் ஒரு சிறு பங்காக ஒடுங்கியிருக்கிறது.

முடியாத காரியமா என்றால் இல்லை. சிங்கப்பூரில் சாதாரண நிலை (ஓ-லெவல்) தேர்வின் ஆங்கிலத்தில் கேட்டலுக்குத் தனித் தாள், 10 விழுக்காடு. அங்கே தமிழுக்கும் ‘கேட்டல் கருத்தறிதல்’ உண்டு, அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். சிறிய நாடு, வசதி படைத்தது என்று சொல்லித் தள்ளலாம். ஆனால் ஒரு வகுப்பில் இரட்டைப் பத்தி நடத்த ஒரு கைபேசியும் ஒரு சிறு ஸ்பீக்கரும் போதும். கடைசி பெஞ்சில் நின்று தெளிவாகக் கேட்கிறதா என்று முதலில் ஆசிரியரே பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே நடத்தக் கூடாது. செவிக்குறை உள்ள பிள்ளைக்குக் கேட்டல் மதிப்பெண்ணே போடாமல், வேறு வழியில் மொழிப் புரிதலைப் பார்க்க வேண்டும். காதடைப்பும் சளியும் கவனிக்கப்படாமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. கேட்டலில் மட்டும் திடீரென்று விழும் பிள்ளையை முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இந்த மதிப்பெண்கள் பிள்ளையின் முன்னேற்ற அட்டையில் ஏற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். ஏறிய மறுநாளே அதற்கும் ஒரு கைடு வந்துவிடும். இது ஆசிரியரின் குறிப்பேட்டுக்கானது. அதில் மூன்று கட்டம் போதும்: காதுக்கு எத்தனை, கண்ணுக்கு எத்தனை, அடுத்த ஆறு வாரம் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறேன்.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு முறையும் இரண்டு இணைப் பத்திகளை வினாக்களோடு வெளியிடுகிறோம். நீங்கள் எழுதி, வகுப்பில் நடத்திய பத்திகளையும் அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். எந்த வினாவில் எத்தனை பேர் தவறினார்கள், தவறியவர்கள் எந்த விடையைத் தேர்ந்தார்கள் என்ற கணக்கு கட்டாயம் வேண்டும். மார்ச் முடிவதற்குள் வந்தால் ஏப்ரல் வகுப்பு எடுப்பவர்களின் கைக்குப் போய்ச் சேரும்.