சுவரைப் புகழ்ந்தவர் யார்?

ராபர்ட் ஃபிராஸ்ட் என்றதும், பனியையும் காட்டையும் பாடிய அமெரிக்கக் கவிஞர் என்று எழுதி முடித்து விடுகிறோம். நாங்களும் தேர்வில் அப்படித்தான் எழுதினோம். அது போதாது என்பது எங்கள் கருத்து.

1874-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர் அவர். 1900-இல்தான் நியூஹாம்ஷயர் மாநிலத்து டெர்ரி என்னும் ஊரில் பண்ணையில் குடியேறிக் கோழி வளர்த்தார். அதே ஆண்டில் மூத்த மகன் எலியட் மூன்று வயதில் இறந்தான். அவருடைய இயற்கைப் பாட்டுக்களில் அழகோடு உழைப்பும் துயரமும் கலந்திருப்பதில் வியப்பென்ன?

1914-இல் வந்த 'பாஸ்டனுக்கு வடக்கே' என்ற நூலில் கற்சுவரைப் பற்றி ஒரு கவிதை உண்டு. குளிரில் நிலம் உறைந்து விம்முவதால் கற்கள் சரிகின்றன. வசந்தத்தில் அண்டை நிலத்தார் இருவர், ஆளுக்கொரு பக்கம் நின்று அவற்றை எடுத்து அடுக்குகிறார்கள். ஒருபுறம் ஆப்பிள் மரங்கள், மறுபுறம் பைன் மரங்கள். தாண்டி வந்து மேய மாடு கூட இல்லை! பின் சுவர் எதற்கு என்று ஒருவர் எண்ணுகிறார். மற்றவரோ தம் தந்தை சொன்ன, வேலியைப் புகழும் பழமொழியையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். பேச்சுப் போட்டிகளில் அந்தப் பழமொழியைத்தான் "ஃபிராஸ்டின் பொன்மொழி" என்று முழங்குகிறோம். யோசிக்க மறுத்தவரின் சொல்லைக் கவிஞர் தலையில் கட்டுவது நியாயமா?

ஒன்றை மறைக்கக் கூடாது. சுவரைச் சீராக்க அண்டை நிலத்தாருக்குச் சொல்லி அனுப்புகிறவரும், சுவர் எதற்கு என்று எண்ணும் அதே மனிதர்தான்! அப்படியானால் ஃபிராஸ்ட் எந்தப் பக்கம்? எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுதும் வாதாடினோம். மணி அடித்தும் முடிவு ஏற்படவில்லை.