வாடகைச் சட்டம் லயத்துக்கும் வரட்டும்

சர்க்கார் யோசித்து வரும் குடியிருப்பு வாடகைச் சட்டத்தைப் பற்றி வீட்டுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். வாடகைக்காரர் கை ஓங்கிவிடுமாம். தோட்டத் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள், தோழர்களே! பூச்சோங்கில் ரப்பர் மரம் நின்ற இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. தோட்டத்தை விட்டு வந்த நம்மவர் அங்கே வாடகைக்காரர். சேமநிதிப் பணத்தை எடுத்துச் சிறு வீடு வாங்கிய சிலரோ வீட்டுக்காரர். இது நம் வீட்டு வழக்கு.

இன்று வாடகைக்காரனுக்குக் காப்பு அவன் கையெழுத்திட்ட காகிதம்தான். இரண்டு மாத வாடகையை முன்பணமாக வைக்கிறான். தண்ணீர், மின்சாரத்துக்கென்று அரை மாதம் வேறு. காலி செய்யும் நாளில் சுவரில் அடித்த ஆணிக்கும் பிடித்தம்! கோர்ட்டு உத்தரவின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாதென்று 1950-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆயினும் பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. "இந்தியருக்கு வீடு இல்லை" என்று விளம்பரம் போடுகிறவரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் எதுவுமில்லை. இந்த அவமானத்துக்கு முதலில் முடிவு வேண்டும்.

வீட்டுக்காரர் குறையிலும் நியாயம் உண்டு. ஒரே வீட்டை வைத்துக்கொண்டு பேங்கு கடன் கட்டுகிறவருக்கு ஆறு மாத வாடகை நின்றால் என்ன கதி? கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் கூலி வாடகைப் பாக்கியை விழுங்கும். வீடு வாங்குவோருக்கு விரைவு நடுவர் மன்றம் இருக்கிறதே, வாடகை வழக்குக்கும் அப்படி ஒன்று இருந்தால் இரு தரப்பும் பிழைக்கும்.

ஆனால் வாடகையையே உறைய வைக்கச் சொல்வோர் பினாங்கைப் பார்க்கட்டும். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையைக் கட்டிப்போட்டது. ஏழைகள் நகரின் நடுவே வாழ முடிந்தது, மெய்தான். வருமானமில்லாத வீட்டைப் பழுது பார்க்கப் பலருக்கு மனம் வரவில்லை. 1997-இல் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1999 முடிவோடு கட்டுப்பாடு போயிற்று. ஜார்ஜ் டவுனில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. தமிழ்நாட்டிலும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை விட்டு, எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிய புதுச் சட்டத்தை 2019-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழி நமக்கும் உகந்தது. கிராணிக்குக் காகித மோகம் என்று சிரிப்பீர்கள். ரசீது இல்லாத முன்பணத்தை எந்த மன்றம் மீட்டுத் தரும்?

இனி நம் லயத்துக்கு வருவோம். தோட்டத்து வீடு வாடகை வீடு அல்ல, வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடலின்போது நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்தது இப்படித்தான். பின்னர்த் தோட்டங்கள் நகரமானபோதும் அதுவே நடந்தது. 1990-ஆம் ஆண்டு வீடமைப்புத் தரச் சட்டம் அறை, தண்ணீர், கழிவறைக்கு அளவு சொல்கிறது. முப்பது ஆண்டு பால் வெட்டியவன் எங்கே போவான் என்பதற்கு அதில் விடையில்லை.

புதிய சட்டம் வாடகை கொடுப்பவனை மட்டும் குடியிருப்பவன் என்று கணக்கிட்டால், லயத்துக்காரன் அதற்கும் வெளியேதான் நிற்பான். சம்பளத்தின் பகுதியாகக் கிடைத்த வீட்டையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும். வெளியேற்றுமுன் போதிய கால அறிவிப்பும் மாற்று வீடும் தர வேண்டும். மசோதா எழுதும் மேசையிலேயே சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.