ஸ்பிண்டிலுக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

பூஜை அறைக் கதவில் மணியும் கொடியும் செதுக்கும் வேலை இப்போது உளியிலிருந்து கம்ப்யூட்டர் ரூட்டருக்குப் போய்விட்டது. கடன் வாங்கி மெஷின் போட்டிருக்கும் பிள்ளைகள் நம் திருவண்ணாமலைப் பக்கமும் இருக்கிறார்கள். அந்த மெஷினின் உயிர் ஸ்பிண்டில். நிமிடத்துக்கு 24,000 சுற்று வரை ஓடும். அதன் உடம்புக்குள் தண்ணீர் ஓடித்தான் சூட்டை வெளியே கொண்டுவருகிறது. லட்சக்கணக்கில் மெஷின் வாங்குகிறவர்கள் இந்தத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் காட்டும் அலட்சியம் எனக்குப் பொறுக்கவில்லை.

என்னைப்போல் லேத்தில் நின்றவர்களுக்கு கூலன்ட் என்றால் பால் போல வெள்ளையாக வரும் கட்டிங் ஆயில்தான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. அதை இதில் ஊற்றினால் சில வாரத்தில் புளித்து நாறி, குழாயை அடைத்துவிடும்.

நம் ஊர் பாறை பூமி. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பை எந்த வீட்டம்மாவைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே உப்புதான் ஸ்பிண்டிலின் மெல்லிய நீர்ப்பாதையிலும் படிகிறது. "குடிக்கிற தண்ணீர்தானே அண்ணே ஊற்றுகிறேன்" என்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி, வேறு வழியில்லாத இடத்தில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருந்தாலும் அது குடிநீர்தான். வயிறு தாங்கும், ஸ்பிண்டில் தாங்காது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி போர்வெல் தண்ணீரைத் திறந்த பக்கெட்டில் வைத்து ஓட்டினார். வெயில் பட்டுப் பாசி பிடித்தது. கிணற்றுக்குப் போடுவதுபோல மயில்துத்தம் போடச் சொல்லி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஸ்பிண்டிலுக்குள் அலுமினியம் இருந்தால், துத்தத்திலுள்ள செம்பு அதன்மேல் படிந்து அரித்துக் குழிபோடும். பிளீச்சிங் பவுடரும் அதற்குக் கேடுதான். கடைசியில் தண்ணீர் வைண்டிங் பக்கம் கசிந்து மோட்டார் போயிற்று. கல்யாண சீசன் ஆர்டர் கையில் இருந்த நேரம். தவணை மட்டும் நிற்கவில்லை. விற்ற கடைக்காரரோ தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சரி, எதைத்தான் ஊற்றுவது? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்த டிஸ்டில்டு வாட்டர். அதில் துருத்தடுப்பு மருந்து, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி. அலுமினியமும் செம்பும் ஒரே தண்ணீரில் சேர்ந்திருந்தால் அரிப்பு வரும் என்பதால் வெறும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதாது. கேன் தண்ணீரையும் நம்பாதீர்கள். சுத்தம் செய்தபின் அதில் கொஞ்சம் உப்பு விட்டுத்தான் வைப்பார்கள்.

கார் கடையில் விற்கும் பச்சைக் கூலன்ட்? நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அதிலுள்ள கிளைக்கால் பனியில் உறையாமல் இருக்கத்தான். மார்கழிக் குளிரில்கூட நம் ஊரில் தண்ணீர் உறையாது. சரிபாதி கலந்தால் தண்ணீர் சூட்டை வாங்கும் சக்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதில் நமக்கு உதவுவது துருத்தடுப்பு மருந்து மட்டும்தான். ஊற்றத்தான் வேண்டும் என்றால் கெட்டிக் கூலன்டை கால் பங்குக்குக் குறையாமல் கலக்குங்கள். கொஞ்சமாகக் கலந்தால் கிருமிக்குத் தீனி போட்டதுபோல ஆகிவிடும். இரண்டு நிறத்தைக் கலக்கவே கூடாது.

பக்கெட் அளவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்பிண்டில் 300 வாட் சூட்டைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் தண்ணீர், காற்றில் ஆறாவிட்டால், ஒரு மணி நேரத்தில் 13 டிகிரி ஏறும். சித்திரை வெயிலில் ஷெட்டே 40 டிகிரி இருக்கும். விலை குறைந்த சிறிய சில்லரில் பல, உள்ளே ஃபேனும் ரேடியேட்டரும் மட்டும் வைத்தவை. அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக அவற்றால் முடியாது. கம்ப்ரசர் உள்ளது வாங்கினால் வேறொரு எச்சரிக்கை. கார்த்திகை மழையில் 18 டிகிரிக்கு வைத்தால் மோர்ச் சொம்பு வியர்ப்பதுபோல ஸ்பிண்டில் வியர்க்கும். அறைச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால் போதும்.

தொட்டியை மூடி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கலங்கினால் அதற்கு முன்பே. காலையில் ஸ்விட்ச் போடும்முன் திரும்பி வரும் குழாயில் தண்ணீர் விழுகிறதா என்று பாருங்கள். ஓட்டம் நின்றால் ஸ்பிண்டிலை நிறுத்தும் சென்சார் மோட்டார் விலையில் ஒரு துளிதான்.

பழைய பச்சைத் தண்ணீரை மட்டும் தெருவில் கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். நம் தெருக்களில் மாடும் நாயும் எதில் வாய் வைக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூடிய கேனில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய எஞ்சின் ஆயில் எடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.