கம்ப்யூட்டர் வாங்குமுன் கடை நடைமுறையைக் கவனிப்போம்

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது நம் கடைகள் பட்ட பாட்டை வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. நமது மொத்தக் கடையில் முதல் நாள் இரவு கணக்கப்பிள்ளையும் இரண்டு பையன்களும் விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொரு சரக்காகத் திருத்தினார்கள். அப்படியும் சில சோப்பு வகைகள் விட்டுப்போய், மூன்று நாள் பழைய விகிதத்திலேயே பில் போயிற்று. தேவகோட்டை வாடிக்கைக்காரர் ஒருவர் சொல்லித்தான் நமக்கே தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

நமது மென்பொருளில் வரி விகிதம் ஒவ்வொரு சரக்கின் பேரிலும் தனித்தனியே பதிந்திருக்கிறது. நண்பர் ஒருவர் கடையிலோ, வகைக்கு ஒரே இடத்தில், 'இந்தத் தேதி முதல்' என்ற குறிப்போடு இருக்கிறது. அவர் அரைமணியில் வேலையை முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். 15-ம் தேதி விற்ற சோப்பு 25-ம் தேதி திரும்பி வந்தால், அவருடையது விற்ற நாளின் விகிதத்திலேயே வரவு வைக்கிறது. நம்முடையது 5 என்று போட்டது! பணம் கொடுக்குமுன் இதையெல்லாம் நாம் கேட்கவில்லை. திரையின் அழகைப் பார்த்து வாங்கினோம்.

குற்றம் முழுவதும் மென்பொருளுடையது என்று சொல்லிவிட முடியாது. கையில் கிடைத்தவரெல்லாம் பதிந்ததால் துவரம்பருப்பு நம்மிடம் மூன்று பெயரில் இருந்தது. கிட்டங்கியில் இருபது மூட்டை இருக்க, கம்ப்யூட்டர் 'இல்லை' என்றது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு 5 சதவீத வரி. 26 கிலோ பைக்கு இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் பதிந்தால் எந்த மென்பொருள்தான் என்ன செய்யும்?

பர்மாவில் கடை வைத்திருந்த நகரத்தார் இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே அறிந்திருந்தார்கள். பெட்டியடிப் பையன் முதல் மேலாள் வரை அவரவர்க்கு வேலை வகுத்திருந்தது. நாட்குறிப்பில் எழுதியது பேரேட்டுக்குப் போகும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுப்பார்கள். அதனால்தான் கடல் கடந்த கடையின் நிலையைச் செட்டிநாட்டில் உட்கார்ந்தே முதலாளி அறிய முடிந்தது.

புதிதாக வாங்குவோர், விற்பவரை எதிரில் உட்காரவைத்து ஒரு வரி விகிதத்தை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய பில்லுக்குச் சரக்குத் திருப்பமும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் காசைக் கொடுக்காதீர்கள்.

நமது கடையில் இப்போது புதுச் சரக்குப் பெயர் பதியும் உரிமை கணக்கப்பிள்ளை ஒருவருக்கே. பையன்கள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.